வாடகை ஆவணங்கள், ஆக்லாந்து

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வீட்டை வாடகைக்கு விடுவோர், 1986ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி எழுதித் தரவும் பாதுகாக்கவும் வேண்டிய தாள்கள். நகருக்கெனத் தனிச் சட்டம் கிடையாது. நாடு முழுவதற்கும் இதுவே.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையொப்பமிட்ட படி, குடியேறும் முன்பே வாடகைதாரர் கைக்குச் சேர வேண்டும். எழுதாமல் விட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்: வாய்ப்பேச்சில் முடிந்த வாடகைக்கும் சட்டம் பொருந்தும்.

பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய சென்னைவாசி வியப்பது வைப்புத்தொகையில்தான். நான்கு வார வாடகைக்கு மேல் அதை வாங்கக் கூடாது. வாங்கியதையும் உரிமையாளர் தம் கணக்கில் வைத்துக்கொள்ள முடியாது. 23 வேலை நாட்களுக்குள் அரசின் வாடகைச் சேவைப் பிரிவிடம் கட்டிவிட வேண்டும். வீடு காலியாகும்போது இரு தரப்பும் ஒப்பினால் பணம் அங்கிருந்தே திரும்பும். ஒப்பாவிட்டால் வழக்கு வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகும்.

ஒப்பந்தத்துடன் காப்பீடு, வெப்பக்காப்பு பற்றிய அறிக்கைகளும், வீடு ஆரோக்கிய இல்லத் தரநிலைகளை நிறைவு செய்கிறதா என்ற விவரமும் சேர வேண்டும். ஆக்லாந்தின் குளிர்காலம் ஈரமானது. பழைய மரவீடுகளில் பூஞ்சை எளிதில் படரும். 2019இல் வந்த இத்தரநிலைகள் 2025 ஜூலை 1 முதல் எல்லா வாடகை வீடுகளுக்கும் கட்டாயம். வரவேற்பறையை 18 டிகிரிக்குச் சூடாக்கும் நிலையான ஹீட்டர் வேண்டும்; காற்றோட்டம், வடிகால், குளிர்காற்றுப் புகும் இடுக்குகளை அடைத்தல் ஆகியவற்றுக்கும் விதிகள் உண்டு.

வாடகையை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் உயர்த்தலாம். அதற்கு 60 நாள் எழுத்து அறிவிப்பு தேவை. குடியேறும் நாளில் சுவர், தரை, குழாய்களின் நிலையைப் படத்துடன் பதிந்து இருவரும் கையொப்பமிடும் ஆய்வறிக்கை, பின்னாளில் தீர்ப்பாயத்தில் வலுவான சான்று.