வாகனங்களின் அலுமினிய பாகங்களை வீட்டிலேயே மெருகேற்றுவது எப்படி? தூசியில் எச்சரிக்கை தேவை

புனே: புனே நகரில் ரயில் பாதைகளை ஒட்டி அமைந்துள்ள பகுதி கோர்படி. ரயில்வேயின் டீசல் என்ஜின் பணிமனை இங்கு இயங்குகிறது. அருகிலுள்ள முந்த்வாவில் பாரத் ஃபோர்ஜ் ஆலை உள்ளது. உலோகத் தொழிலோடு நெருங்கிய தொடர்புடைய இத்தகைய பகுதிகளில், மங்கிப்போன என்ஜின் மூடி, வால்வு கவர், அலாய் வீல் போன்றவற்றை வீட்டிலேயே பளபளப்பாக்க விரும்புவோர் உண்டு. இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஆனால் வரிசைமுறையும் பாதுகாப்பும் அவசியம்.

அலுமினியம் ஏன் மங்குகிறது?

அலுமினியத்தின் புதிய பரப்பு காற்றில் பட்டவுடனேயே அதன் மீது அலுமினிய ஆக்சைடு என்னும் மெல்லிய படலம் உருவாகிறது. இப்படலமே உலோகத்தை மேலும் அரிக்கப்படாமல் காக்கிறது. மழைநீர், சாலை உப்பு, பிரேக் தூசி ஆகியவை சேரும்போது பரப்பு சொரசொரப்பாகிறது. ஒளி ஒரே திசையில் திரும்பாமல் சிதறுவதால் பாகம் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. எனவே மெருகேற்றுதல் என்பது பூச்சு பூசுவதன்று, பரப்பைச் சமன்படுத்துவதாகும்.

உலோகத்தைத் தேய்க்கப் பயன்படும் எமரித் தாளின் துகள்களும் பெரும்பாலும் இதே அலுமினிய ஆக்சைடுதான். இயற்கையில் கிடைக்கும் அதன் படிக வடிவத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர், 'குருந்தம்' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்ததாகும்.

முதலில் சோதனை

எல்லா அலுமினிய பாகங்களையும் தேய்க்கலாகாது. தற்கால அலாய் வீல்கள் பலவற்றின் மீது கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற பூச்சு உள்ளது. சில பாகங்களில் மின்சாரத்தின் உதவியால் ஆக்சைடு படலம் தடிப்பாக்கப்பட்டிருக்கும். இது அனோடைசிங் எனப்படும். இவற்றைத் தேய்த்தால் பூச்சு திட்டுத்திட்டாகப் பெயர்ந்து, தோற்றம் முன்பைவிட மோசமாகும்.

கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில், சிறிதளவு மெட்டல் பாலிஷை வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கலாம். துணி கறுத்தால் அது பூச்சற்ற அலுமினியம். கறுக்காவிட்டால் மேலே பூச்சு இருக்க வாய்ப்புண்டு. காந்தம் ஒட்டினால் அது அலுமினியமே அன்று. குரோம் பூசப்பட்ட இரும்பாக இருக்கலாம்.

விரிசல் விட்ட அல்லது வளைந்த சக்கரத்தை மெருகேற்றுவதால் பயனில்லை; அதை மாற்றுவதே முறை. டயர் அமரும் விளிம்பிலும் போல்ட் துளைகளிலும் உலோகத்தைத் தேய்த்துக் குறைக்கக் கூடாது.

படிப்படியான முறை

1. மென்மையான சோப்பு நீரால் எண்ணெய்ப் பிசுக்கையும் மண்ணையும் அகற்றி, நன்கு உலர்த்த வேண்டும். சலவைச் சோடா பட்ட அலுமினியப் பாத்திரம் கறுப்பதைப் போலவே வாகன பாகமும் கறுக்கும். எனவே காரமான கரைசல்களையும் அமிலங்களையும் தவிர்க்க வேண்டும்.

2. ஆழமான கீறல்கள் இருந்தால் 400 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கலாம். பரப்பு ஓரளவு நன்றாக இருந்தால் 800 போதுமானது. எண் கூடக் கூடத் தாள் நுண்மையானது. 400, 600, 800, 1000, 1500, 2000 என ஏறுவரிசையில் செல்ல வேண்டும். தாளையும் பாகத்தையும் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும்.

3. ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய திசைக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். முந்தைய தாளின் கோடுகள் முழுவதும் மறைந்த பின்னரே அடுத்த எண்ணுக்குச் செல்லலாம். இடையில் ஒரு படியைத் தாண்டினால், அதன் கீறல்கள் இறுதிப் பளபளப்பில் வெளிப்படும். சீரற்ற மெருகுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

4. ஒவ்வொரு படிக்கும் பின்னர் பாகத்தைக் கழுவ வேண்டும். தங்கிவிடும் ஒரு பெரிய துகள், மெல்லிய தாளின் வேலையைக் கெடுத்துவிடும்.

5. இறுதியில் மெட்டல் பாலிஷைப் பருத்தித் துணியில் எடுத்துச் சிறு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். துணி கறுப்பது இயல்பே. சுத்தமான துணியால் துடைத்த பின், மெழுகு பூசினால் பளபளப்பு கூடுதல் காலம் நிலைக்கும். மழைக்காலத்தில் இதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

டிரில்லில் துணிச் சக்கரம் பொருத்தி வேலை செய்வோர் அதிக அழுத்தம் தரலாகாது. உலோகம் சூடேறிக் கறை படியும். துணிச் சக்கரம் பாகத்தின் ஓரத்தைப் பற்றி இழுத்து வீசக்கூடும். ஆகவே தொங்கும் துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை இவ்வேலைக்கு ஆகாதவை.

தூசியே பெரும் ஆபத்து

கட்டியாக இருக்கும் அலுமினியம் எளிதில் எரியாது. ஆனால் அதன் நுண்தூசி காற்றில் பரவியிருக்கையில் தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடியது. 2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷான் நகரில், வாகனச் சக்கரங்களை மெருகேற்றும் ஆலையொன்றில் நிகழ்ந்த அலுமினியத் தூசி வெடிப்பில் 146 பேர் உயிரிழந்தனர். தூசி சேகரிப்புக் கலனில் ஈரம்பட்ட தூசி சூடேறித் தீப்பற்றியதே தொடக்கம் என விசாரணையில் தெரியவந்தது.

வீட்டில் சேரும் தூசி அந்த அளவினதன்று. எனினும் வீடுகள் நெருங்கி அமைந்த குடியிருப்புகளில் பின்வரும் விதிகளைக் கடைப்பிடிப்பது நல்லது:

* அடுப்போ பூஜை விளக்கோ எரியும் இடத்திலும் மூடிய அறையிலும் தேய்க்கக் கூடாது.

* உலர்ந்த தேய்ப்பைவிட ஈரத் தேய்ப்பே பாதுகாப்பானது. ஆனால் ஈரமான தூசி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடக்கூடும் என்பதால் அதை மூடிய டப்பாவில் அடைத்து வைக்கக் கூடாது.

* இரும்பைத் தீட்டிய சாணைச் சக்கரத்தில் அலுமினியத்தைத் தீட்டலாகாது. தீப்பொறியும் தூசியும் ஒன்றுசேரும். சக்கரத்தில் அலுமினியம் அப்பிக்கொண்டால், அது உடைந்து சிதறவும் கூடும்.

* வீட்டு வேக்குவம் கிளீனரால் இத்தூசியை உறிஞ்சக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

* தூசி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மணலைப் போட்டு மூட வேண்டும். வேலை தொடங்கும் முன்பே ஒரு வாளி மணலை அருகில் வைத்திருப்பது நலம்.

* முகக்கவசமும் கண்ணாடியும் அணிவதோடு, குழந்தைகளை அருகில் விடாதிருக்க வேண்டும்.