கண்டிச்சீமை போய் வந்த தப்பு

வேப்பமரத்தின் மூன்று வளைதுண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்து வட்டமாக்கி, புளியங்கொட்டைப் பசை தடவி, கன்றுத்தோலை இழுத்து ஒட்டினால் தப்பு என்ற பறை தயார். அடிப்பதற்கு முன் தீ மூட்டிக் காய்ச்ச வேண்டும். நீலகிரியில் மழை கொட்டும் பந்தலூர்ப் பக்கம் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். அங்குள்ள சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்ட லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, இந்தத் தப்பு கண்டிச்சீமை என்ற இலங்கை மலைநாட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது.

1820களிலிருந்து திருச்சி, மதுரை, சேலம் பக்கத்துச் சனங்கள் காப்பித் தோட்ட வேலைக்கு இலங்கை போனார்கள். மன்னார்க் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் காலராவில் மாண்டார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் விடிகாலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு, ஆள் எழுப்பத் தப்பு அடித்தார்கள். அது தோட்டத் துரையின் தேவை. மாசி அமாவாசை கழிந்து காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிவிட்டால் அதே தப்பு சனங்களுடையதாகிவிடும். ரதி, மதன், தூதன், யமன், வீரபத்திரன் என ஒவ்வொரு வேடமும் வர வர அடி மாறும். சிவன் காமனை எரிக்கும்வரை லயம் தூங்காது. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு கூத்துகளுக்கும் அதே தப்புதான்.

தப்படிப்பதை ஒரு சாதியின் தலையில் கட்டிய வழக்கமும் கூடவே கடல் தாண்டியது, திரும்பியும் வந்தது. அதை மறைத்துவிட்டு இந்தக் கலையைப் போற்ற எனக்குச் சம்மதமில்லை.

1948இல் இலங்கையில் இவர்களின் குடியுரிமை பறிபோனது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. கோச்சி என்ற ரயிலில் தலைமன்னார், கப்பலில் இராமேசுவரம், பிறகு மண்டபம் முகாம். அவர்களுக்காக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னாளில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. சேரங்கோடு அதன் தோட்டங்களில் ஒன்று.

இடம்பெயர்ந்த இன்னொரு மக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தலாய் லாமா இந்தியாவுக்கு வந்த 1959ஆம் ஆண்டிலேயே திபெத்திய ஆடல்பாடலைக் காக்க ஒரு நிறுவனம் பிறந்தது. இன்றும் தர்மசாலாவில் இயங்குகிறது. நம்மவர்களுக்குக் குடும்ப அட்டையும் கொழுந்து பறிக்கும் வேலையும் கிடைத்தன. அவர்களிடம் ஒரு கலை இருக்கிறது என்று எந்த அதிகாரியும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தப்பு பிழைத்ததென்றால் அது அந்த மக்களின் பிடிவாதம்.

இப்போது தோட்டமே சுருங்குகிறது. டேன்டீ நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பித் தர 2022இல் முடிவானது. வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். குடும்பங்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகின்றன. அடி தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆசிரியர்களும் மாணவர்களும் போய்க் கேளுங்கள். எந்த வேடத்துக்கு எந்த அடி என்று பெயரோடு பதிவு செய்யுங்கள். அடித்துக் காட்டுகிறவருக்கு அன்றைய கூலியைக் கட்டாயம் கொடுங்கள்.