ஜெயபால் வழக்கு

உதகை மறைமாவட்டக் குருவான ஜோசப் பழனிவேல் ஜெயபால், 2004-2005 காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பணியாற்றினார். அங்கு பதின்வயதுச் சிறுமியர் இருவரிடம் பாலியல் குற்றம் புரிந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். குற்றச்சாட்டு பதிவாகும் முன்பே இந்தியா திரும்பியிருந்தார். 2012இல் தமிழ்நாட்டில் கைதாகி, 2014இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார்.

2015இல் ஒரு சிறுமி தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். மற்றவர் தொடர்பான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. 2016இல் வத்திக்கானின் ஆலோசனையின் பேரில் உதகை ஆயர் அவர்மீதிருந்த பணித்தடையை நீக்கினார். இதனை எதிர்த்து, பாதிக்கப்பட்ட பெண்களுள் ஒருவர் உதகை மறைமாவட்டத்தின் மீதே வழக்குத் தொடர்ந்தார். இதனால் தனிமனிதர் மட்டுமன்றி, நிறுவனமும் பொறுப்புக் கூற வேண்டும் என்ற கேள்வி எழுந்தது.

இந்தியாவின் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, சிறார் மீதான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இதில் திருச்சபைக்கும் விலக்கில்லை.