பனிச்சிறுத்தைக்குப் போகும் வழியில் ஒரு அடுப்படி

பனிச்சிறுத்தையைத் தேடிப் போன கதைகளை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 1973இல் ஜார்ஜ் ஷாலரும் பீட்டர் மத்தீசனும் நேபாளத்தின் டோல்போ மலைகளுக்கு நடந்தார்கள். மத்தீசன் கடைசிவரை அந்த விலங்கைக் காணவில்லை. ஆனாலும் 1978இல் வெளிவந்த அவருடைய நூல் உலகப் புகழ் பெற்றது. மனைவி இறந்து இரண்டாண்டுகூட ஆகாத நிலையில், சின்னஞ்சிறு மகனை ஊரில் விட்டுவிட்டுக் கிளம்பியவர் அவர். ஒரு தாய் அப்படிக் கிளம்பியிருந்தால் அதை ஆன்மிகத் தேடல் என்று சொல்லியிருப்பார்களா?

இன்று அந்தத் தேடல் ஒரு சுற்றுலா. குளிர்காலத்தில் பாரல் என்னும் காட்டு ஆடுகளின் பின்னால் சிறுத்தையும் கீழே இறங்கும் என்பதால், உறைபனியில் லடாக்கின் ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்கு ஆட்கள் வருகிறார்கள். வழிகாட்டி தொலைநோக்கியை நிறுத்தி மணிக்கணக்கில் பாறைகளைத் துழாவுவார். அவரும் பெரும்பாலும் ஆண்தான்.

ஆனால் பார்ப்பதற்குச் சிறுத்தை உயிரோடு இருக்க வேண்டுமே. பட்டிக்குள் புகுந்து ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுபோட்ட சிறுத்தையை ஊரார் அடித்தே கொன்ற காலம் உண்டு. 2000களின் தொடக்கத்தில் ரும்பாக் போன்ற ஊர்களில் இரண்டு ஏற்பாடுகள் வந்தன. பட்டிகளுக்குக் கம்பிவலைக் கூரை போட்டார்கள்; விருந்தினரை வீடுகளிலேயே முறைவைத்துத் தங்கவைத்தார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கைக்கு வந்தது. ஆட்டைக் கொல்லும் விலங்கு, வருமானம் தரும் விலங்காக மாறியது அவருடைய அடுப்படியில்தான்.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. நீரோடை உறைந்துகிடக்கும் நாளில் தண்ணீர் சுமப்பதும், சாணவரட்டி எரித்து அறையைச் சூடாக்குவதும், விடியுமுன் ரொட்டி சுடுவதும் யார் வேலை? கையில் காசு சேர்ந்தது, வேலையும் சேர்ந்தது. மலைமுகடு மட்டும் ஆணிடமே இருந்தது.

ஆடு மேய்த்து வளர்ந்த தின்லஸ் சோரோல் வழிகாட்டி வேலை கேட்டுப் போனபோது, ஒரு பெண் அந்நியரோடு இரவுகளில் மலையில் தங்குவதா என்று பயண நிறுவனங்கள் தயங்கின. அதே அந்நியர் பெண்கள் இருக்கும் வீட்டுக்குள் வந்து தூங்கி எழுந்தபோது இந்தத் தயக்கம் எங்கே போயிருந்தது? 2009இல் அவர் லே நகரில் சொந்தமாக ஒரு பயண நிறுவனம் தொடங்கினார். அதில் உரிமையாளரும் பெண், மலையேற்ற வழிகாட்டிகளும் பெண்கள்.