வைக்கோல் வண்டி (ஓவியம்)

ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821-இல் வரைந்த இயற்கைக்காட்சி ஓவியம் வைக்கோல் வண்டி. ஸ்டூர் ஆற்றுநீரில் குதிரைகள் பூட்டிய வண்டி நிற்கிறது. இடப்புறம் வில்லி லாட் என்னும் உழவரின் வீடு. மேலே மேகம் நகரும் வானம். அருகிலுள்ள பிளாட்பர்டு மாவு ஆலை கான்ஸ்டபிளின் தந்தையுடையது. எனவே சிறுவயது முதல் பழகிய இடம். ஆற்றங்கரையில் தீட்டிய சிறு படிகளைக் கொண்டு, லண்டனில் ஆறடி அகலத் துணியில் இதனை வரைந்தார்.

அரச கலைக்கழகக் கண்காட்சியில் விலைபோகவில்லை. புராணமோ போரோ இல்லாத வெறும் ஆறும் வண்டியும் வாங்குவோருக்குப் பெரிதாகப் படவில்லை போலும்! பாரிஸ் வணிகர் ஒருவர் வாங்கிச்சென்று 1824 சலோன் கண்காட்சியில் வைக்க, அங்கே தங்கப் பதக்கம் கிடைத்தது. பதக்கம் பெறக்கூட கான்ஸ்டபிள் பாரிஸ் செல்லவில்லை. அவர் இங்கிலாந்தை விட்டு வெளியே சென்றதே இல்லை. 1886 முதல் ஓவியம் லண்டன் தேசியக் காட்சியகத்தில் உள்ளது.