கழன்ற தோளும் கம்படிக் களமும்: கல்முனைக் கரையில் முறிவு வைத்தியம்

கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் கை கழன்றவரை முதலில் கொண்டுபோகும் இடம் நெடுங்காலமாக முறிவு வைத்தியரின் வீடுதான். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய இந்த ஊர்களில் தோளுக்கு ஆபத்தான வேலைகளுக்குக் குறைவே இல்லை. கரைவலை இழுப்பவர் அலையோடு மல்லுக்கட்டுகிறார். தென்னையிலிருந்து விழுபவர் நீட்டிய கையை ஊன்றி விழுகிறார். கல்யாண ஊர்வலத்திலும் சுன்னத்து வைபவத்திலும் கம்படி எனும் சிலம்பமும் சீனடி என்ற தற்காப்புக் கலையும் வாள்வீச்சும் ஆடியவர்கள் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் சுழற்றினார்கள். தோள்மூட்டு எளிதில் கழலுவது அந்த நிலையில்தான்.

மேற்கை எலும்பின் தலை பெரியது. அது பொருந்தும் குழியோ ஆழமற்றது. குழியின் விளிம்பைச் சுற்றி ஒரு குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. திரிகணையில் குந்திய குடம் போல எலும்பின் தலை அந்த வளையத்தின் துணையோடு நிற்கிறது. மற்ற எந்த மூட்டுக்கும் இல்லாத வீச்சு தோளுக்குக் கிடைத்திருப்பது இந்த அமைப்பால்தான். அதற்குரிய விலையும் இதே அமைப்புத்தான். கழலும் தோள்களில் 100இல் 95 அளவுக்கு முன்பக்கமாகவே கழலுகின்றன.

போர்த்துக்கேயர் தாழ்நிலத்திலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் ஏறத்தாழ 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது வரலாற்று நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. நெல், மீன், நெசவு என்று வாழ்ந்த இந்தச் சமூகத்துக்கு வைத்தியம் ஒரே திசையிலிருந்து வரவில்லை. அயலிலிருந்த தமிழ்ப் பரிசாரிமார் சித்த மரபைக் கொண்டிருந்தார்கள். யூனானி மரபோ அரபுலகம் வழியாக வந்தது. கொர்டோவாவின் அஸ்ஸஹ்ராவி, ஏறத்தாழ 1000ஆம் ஆண்டளவில் எழுதி முடித்த பெருநூலின் முப்பதாவது பகுதியில் எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் தனிப் பிரிவு ஒதுக்கியிருந்தார். மலைநாட்டில் கோபால குடும்பத்து முஸ்லிம் வைத்தியர்கள் கண்டி அரசவையின் மருந்துச் சேவையிலேயே இருந்தார்கள். சிங்களக் கிராமங்களின் ‘கெடும் பிந்தும்’ வைத்தியமும் இதே தொழில்தான். அங்கும் அது பரம்பரைச் சொத்து. தகப்பனிடமிருந்து மகனுக்கோ மருமகனுக்கோ போகும் இந்த அறிவு, ஏட்டில் இருந்ததைவிட விரல் நுனியில் அதிகம் இருந்தது.

முறிவு வைத்தியத்தின் அடிப்படை முறைகள் மிகப் பழையவை. தோள் கழன்றால் அக்குளில் உலக்கையைக் கொடுத்து மேலே தூக்கி, மூட்டு இடத்தில் விழுந்ததும் குறுக்கு மறுக்காகக் கட்டுப் போடச் சொல்கிறது சுசுருத சங்கிதை. அக்குளில் குதிகாலை ஊன்றிக் கையை இழுக்கும் முறை கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டிஸின் பெயரோடு வழங்கியது. இரண்டிலும் வேலை செய்வது ஒரே விசை: அக்குளில் ஒரு தாங்கல், கையில் ஒரு இழுவை. மூட்டை ஏற்றுவதில் பிற்கால மருத்துவம் சேர்த்தது, பெரும்பாலும் வலியைக் குறைக்கும் வழிகளையும் மென்மையான திருப்பங்களையும்தான். சுவிஸ் அறுவை மருத்துவர் தியோடர் கோகர் 1870இல் வெளியிட்ட முறை அவற்றில் பெயர்பெற்றது.

ஏற்றிய பிறகு எண்ணெய், பத்து, கட்டு. தமிழ் முறிவு வைத்தியத்தில் பிரண்டை, உழுத்தம்மா, முட்டை வெள்ளைக்கரு ஆகியவை பழகிய சரக்குகள். காய்ந்ததும் இறுகும் பத்து, மூங்கில் பத்தையோடு சேர்ந்து ஒரு கூடாகிவிடும். கட்டை எப்போது அவிழ்ப்பது என்பதில் சுசுருத சங்கிதை காட்டும் நுட்பம் வியப்பூட்டுவது. குளிர்காலத்தில் ஏழு நாளைக்கு ஒருமுறை, மிதமான பருவத்தில் ஐந்து நாளைக்கு, வெயில் காலத்தில் மூன்று நாளைக்கு. தளரக் கட்டினால் மூட்டு நிலைக்காது, இறுக்கினால் வீங்கும் என்ற எச்சரிக்கையும் உண்டு. உள்ளங்கை முறிந்தவருக்கு அது விதிக்கும் பயிற்சி இன்னும் சுவையானது: முதலில் களிமண் உருண்டையைப் பிடிக்க வேண்டும், பிறகு உப்புக்கட்டியை, பலம் வந்த பின் கல்லை. சுமையைப் படிப்படியாகக் கூட்டுவது என்ற இன்றைய இயன்மருத்துவத்தின் அடிநாதம் அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் அது கைக்குச் சொல்லப்பட்டது. தோளுக்கு அப்படியொரு படிவரிசை பழைய மரபில் வளரவில்லை.

பழைய கணக்கு சறுக்கியதும் தோளில்தான். இளவயதில் மூட்டு ஒரு மாதத்தில் உறுதிப்படும், நடுவயதில் இரு மடங்கு காலம், முதுமையில் மூன்று மடங்கு என்பது சங்கிதையின் கணக்கு. எலும்பைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. கழன்ற தோளில் நிலைமை தலைகீழ். முதல்முறை கழன்றவர் எவ்வளவு இளையவரோ, அந்தத் தோள் மறுபடி கழலும் வாய்ப்பு அவ்வளவு கூடுதல். ஒரு மாதத்தில் வலி தீர்ந்து, கட்டு அவிழ்ந்து, களத்துக்குப் போன பதினெட்டு வயதுக்காரர் மீண்டும் அதே வைத்தியர் வீட்டுக்கு வருவது கைராசிக் குறையால் அல்ல, கண்ணூறாலும் அல்ல.

காரணம் குழியின் விளிம்பில் இருந்தது. ஜெர்மனியின் பெர்தெஸ் 1906இலும், லண்டனின் பிளண்டெல் பாங்கார்ட் 1923இலும் இதை எழுதினார்கள்: எலும்பு முன்னால் பாயும்போது குருத்தெலும்பு வளையம் விளிம்பிலிருந்து பிய்ந்துவிடுகிறது, மூட்டு திரும்பி இடத்தில் விழுந்தாலும் பிய்ந்தது தானாக உரிய இடத்தில் ஒட்டுவது அரிது. வளையத்தை விளிம்போடு மீண்டும் இணைக்கும் அறுவை இன்றும் பாங்கார்ட்டின் பெயரால்தான் வழங்குகிறது. எலும்பே தேய்ந்துபோன தோள்களுக்காக பிரான்ஸின் லத்தார்ஜே 1954இல் வேறொரு முறையைத் தந்தார்.

கட்டுப் போட்டு அசையாமல் வைத்தால் கிழிந்தது ஆறிவிடும் என்ற நம்பிக்கை நாட்டு வைத்தியருக்கு மட்டும் உரியதல்ல, ஆஸ்பத்திரிகளும் அதையே நம்பின. சுவீடனில் ஹோவெலியஸும் சக மருத்துவர்களும் 257 தோள்களை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, மூன்று நான்கு வாரம் கட்டி வைத்தவர்களுக்கும் சீக்கிரமே அசைக்க விட்டவர்களுக்கும் மறுபடி கழலுவதில் வேறுபாடு தெரியவில்லை. நாட்டுக் கட்டைக் கேலி செய்தவர்கள் இந்த முடிவையும் படித்திருக்க வேண்டும்.

இலங்கையில் சுதேச வைத்தியத்துக்கு அரசின் ஏற்பு மெல்லத்தான் வந்தது. 1929இல் கொழும்பு பொரளையில் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டு ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகியவை கற்பிக்கப்பட்டன. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பாரம்பரிய வைத்தியர்களும் பதிவு பெற்றார்கள்; முறிவு வைத்தியம் ஒரு சிறப்புத் துறையாகவே பதிவாகிறது. இன்று கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் சிறிது தூரத்துக்குள் நிற்கின்றன. உள்நாட்டுப் போர்க்காலத்தில் மட்டக்களப்புக்குச் செல்லும் வீதி ஒவ்வொரு நாளும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாத நிலையில், ஊருக்குள் இருந்த முறிவு வைத்தியரின் மதிப்பு குறையாமல் இருந்ததில் வியப்பில்லை.

இதற்கிடையில் விளையாட்டும் மாறியது. கம்படியும் சீனடியும் விழாக்களுக்கு ஒதுங்க, கல்முனையின் சந்தாங்கேணி மைதானத்தில் உதைபந்தும் கிரிக்கெட்டும் இடம்பிடித்தன. நிந்தவூர் கபடிக்குப் பெயர்பெற்றது. கபடியில் பாடிப் போனவரின் நீட்டிய கையைப் பின்னால் இழுக்கும் பிடி, கரப்பந்தில் மேலே எழும்பி அறையும் அடி, எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறியும் வீச்சு எல்லாமே பழைய சிலம்பக்காரரின் தோளை வருத்திய அதே நிலைதான்.

தோள் காயத்திலிருந்து திரும்புவது எப்படி என்பதை இலங்கை ரசிகர்கள் கண்கூடாகக் கண்டது சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரனிடம். 2002இல் சார்ஜாவில் களத்தடுப்பின்போது அவருடைய இடது தோள் கழன்றது. லோர்ட்ஸ் டெஸ்டைத் தவறவிட்டார், ஆனால் அதே இங்கிலாந்துத் தொடரில் திரும்பிவிட்டார். அது பந்துவீசாத கை. 2004இல் வலது தோளுக்கு ஆஸ்திரேலியாவில் அறுவை நடந்தபோது காத்திருப்பு மாதக்கணக்கில் நீண்டது. அந்த டிசம்பர் 26இல் சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. நிவாரணத்துக்காக 2005 ஜனவரி 10இல் மெல்பர்னில் நடந்த ஆட்டத்தில் அவர் ஆசிய அணிக்காகப் பந்துவீசினார். 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டோடு டெஸ்டிலிருந்து விடைபெற்றார். எந்தக் கை, எந்தப் பணி என்பதைப் பொறுத்தே நாள்கணக்கு அமையும் என்பதற்கு ஒரே மனிதரின் இரண்டு தோள்களே சான்று.

இன்றைய வழிமுறை நாள்காட்டியை இரண்டாம் இடத்தில் வைக்கிறது. முதலில் எக்ஸ்ரே; ஏனெனில் எலும்பின் கழுத்து முறிந்திருக்கையில் இழுத்தால் பெருங்கேடு, நரம்பும் நசுங்கலாம். ஏற்றிய பின் கொஞ்ச நாள் தூளிக்கட்டு, பிறகு குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டும் பயிற்சி. அடுத்து தோளைச் சுற்றியுள்ள சுழல் தசைகளுக்கும் தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கும் தசைகளுக்கும் பலமூட்டல். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை, யன்னல் கம்பியில் கட்டிய பழைய சைக்கிள் டியூப் போதும். கையை மேலே தூக்கிப் பின்னால் திருப்பும் அசைவு கடைசியில்தான் வரும். பாங்கார்ட் அறுவைக்குப் பின் உடல் மோதும் விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் ஐந்தாறு மாதம் பிடிக்கும். களம் திரும்ப, காயப்பட்ட தோளின் வீச்சு மற்றத் தோளோடு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். பலம் மற்றத் தோளின் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கையாவது எட்டியிருக்க வேண்டும். கையைப் பின்னால் திருப்பும்போது ‘கழன்றுவிடுமோ’ என்ற பயம் எழக்கூடாது. கபடிக்காரர் பிடிப் பயிற்சிக்கும், பந்தெறிபவர் நெடுந்தூர எறிக்கும் செல்வது இவை மூன்றும் கைகூடிய பிறகு. அதுவும் முதலில் பாதி வேகத்தில்.