ரியோ நெக்ரோவா, சிங்கராஜாவா? திருப்பூரில் ஒரு கருநீர்த் தொட்டி

நிறம் மாறிய தண்ணீரைத் திருப்பூரில் யாரும் ரசித்துப் பார்ப்பதில்லை. பட்டறைகளில் அன்றைக்கு என்ன சாயம் ஓடியதோ அந்த நிறத்தில்தான் நொய்யல் பல ஆண்டுகள் ஓடியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவைத் தேக்கும் இடமாகிப்போனது. அப்படிப்பட்ட ஊரில், வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளத் தொட்டி வைத்து, இலைகளை ஊறப்போட்டு, தண்ணீரை வேண்டுமென்றே பழுப்பாக்கி மீன் வளர்க்கலாம் என்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பது நியாயம்தான். ஆனால் கருநீர்த் தொட்டி வைக்கத் தேவையான அறிவு, தமிழ்நாட்டின் வேறெந்த ஊரையும்விடத் திருப்பூரில்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

காரணம் உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் சாயத் தொட்டியில் உப்பு வேண்டும். அழுத்தமான நிறங்களுக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் போடுவார்கள். துணியில் ஏறாத சாயத்தோடு அந்த உப்பு முழுவதும் கழிவில் வந்துவிடும். 1990களில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் ரசாயனமும் கலந்து நிறத்தைப் பெருமளவு நீக்கின. உப்பு அப்படியே நின்றது. தெளிந்து தெரிந்த அந்த நீரும் நிலத்தைக் கெடுத்தது, கிணறுகளைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு ஊர் மாறியது. ஆர்.ஓ., ஆவியாக்கும் கலன், உப்பு மீட்பு எல்லாம் அன்றாடப் பேச்சாகின. தண்ணீரின் கேட்டை நிறம் சொல்லாது, கரைந்த உப்புதான் சொல்லும் என்று பெருவிலை கொடுத்துக் கற்ற ஊர் இது. கருநீர் மீன் வளர்ப்பின் முதல் பாடமும் அதுவே.

உலகின் கருநீர்களில் இரண்டை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, பிரேசிலின் ரியோ நெக்ரோ. மற்றது, இலங்கையின் தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகள். சிங்கராஜா வனத்தையும் அதைச் சுற்றிய தாழ்நிலங்களையும் மனத்தில் வைத்துச் சொல்கிறேன். பெரிய தொட்டி ஒன்றை எந்த நீரின் மாதிரியில் அமைப்பது என்று தீர்மானிக்க இந்த இரண்டுமே போதும்.

ரியோ நெக்ரோவில் சத்தில்லாத வெண்மணல் நிலத்தில் காடு நிற்கிறது. உதிரும் இலை முழுதாக மட்காமல், அதன் டானினும் ஹ்யூமிக் அமிலங்களும் நீரில் கரைகின்றன. பாலில்லாத கடுந்தேநீரின் நிறம் வருவது அதனால்தான். மணலில் சுண்ணாம்பு இல்லை, எனவே அமிலத்தைத் தணிக்கவும் ஏதுமில்லை. பிஎச் 4, 5 என்று கிடக்கும். கரைந்த உப்போ கிட்டத்தட்ட மழைநீர் அளவுதான். ஆண்டுதோறும் ஆறு பத்து மீட்டர் வரை உயர்ந்து காட்டுக்குள் ஏறுகிறது. மீன்கள் மரக்கிளைகளுக்கு இடையே நீந்துகின்றன. 1850 முதல் 1852 வரை இந்த ஆற்றில் பயணம் செய்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், தான் கண்ட மீன்களைப் பென்சிலால் வரைந்துவைத்தார். ஊர் திரும்பும் வழியில் கப்பல் எரிந்து அவர் சேகரித்தவை பெரும்பாலும் சாம்பலாயின. மீன் படங்கள் தப்பின. இன்றும் அவற்றைப் பார்க்கலாம்.

சிங்கராஜா பக்கத்து ஓடைகள் இவ்வளவு கடுமையானவை அல்ல. ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை பழைய பாறைகள் மீது வழிந்தோடுகிறது. உப்பு மிகக் குறைவு, பிஎச் பெரும்பாலும் 6-ஐ ஒட்டி. நீர் இளம்பழுப்பாகவோ, இலைப்படுகை நிறைந்த குட்டைகளில் சற்று அழுத்தமாகவோ இருக்கும். ஆழம் முழங்கால் அளவுதான். தலைக்கு மேல் காடு கவிந்திருப்பதால் தண்ணீர் 22 முதல் 27 டிகிரிக்குள் குளிர்ந்தே ஓடும். ரியோ நெக்ரோவின் வெள்ளக்காட்டில் தண்ணீருக்கு அடியில் செடி அரிது. இலங்கை ஓடைகளிலோ கிரிப்டோகோரைன் செடிகள் கரையோரம் அடர்ந்து வளரும். உலகம் முழுவதும் தொட்டிகளில் நடப்படும் வென்டியை, பெக்கெட்டியை ஆகிய இரண்டு வகைகளும் அந்தத் தீவுக்கே உரியவை.

இனி திருப்பூருக்கு வருவோம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று தொட்டி செய்தால் கொள்ளளவு 680 லிட்டர். மணல், மரம், மேலே விடும் இடைவெளி போக 600 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கண்ணாடியும் ஸ்டாண்டும் சேர்த்து எடை ஒரு டன்னை நெருங்கும். மாடியில் வைப்பவர்கள் பீம் எங்கே போகிறது என்று பார்த்து, சுவரோரமாக வைக்க வேண்டும்.

அந்த 600 லிட்டரை எங்கிருந்து கொண்டுவருவது? சாயப்பட்டறைகள் நெருங்கியிருந்த பகுதிகளில் போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) பல இடங்களில் 1500, 2000 என்று போகும். அதில் பாதாம் இலையை மூட்டையாகக் கொட்டினாலும் நிறம்தான் மாறும். நீரிலுள்ள கார்பனேட் உப்புகள் இலை விடும் அமிலத்தை விழுங்கிவிடும், பிஎச் இறங்காது. பார்வைக்கு ரியோ நெக்ரோ, உள்ளே உப்புத் தண்ணீர். கடைகளில் ‘பிளாக்வாட்டர்’ என்று விற்கும் சாறுகளை இந்த ஊர்த் தண்ணீரில் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான். கம்பெனிகளில் வைத்திருக்கும் சாஃப்ட்னரும் உதவாது. அது சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. கடினம் குறைந்தாலும் டிடிஎஸ் அப்படியே நிற்கும்.

மிஞ்சுவது ஆர்.ஓ., மழை, பவானியிலிருந்து குழாயில் வரும் நல்ல தண்ணீர் என மூன்று வழி. வீட்டு ஆர்.ஓ. மணிக்கு 15 லிட்டர் தந்தால் தொட்டி நிரம்ப 40 மணி நேரம் ஓட வேண்டும். கழிவாகப் போகும் தண்ணீர் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அதோடு, சுவைக்காகச் சாதாரணத் தண்ணீரைக் கொஞ்சம் கலக்கும் டிடிஎஸ் திருகு இருந்தால் அதை மூடிவிட வேண்டும். மழைக் கணக்கு இதைவிட இனிமையானது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் இறங்கும். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. குழாய் ஏற்கெனவே இருக்கிறது. முதல் மழையைத் தூசிக்கும் பறவை எச்சத்துக்கும் விட்டுவிட்டு, அடுத்த மழையை மூடிய சிண்டெக்ஸில் பிடித்தால் போதும். புதிய சிமென்ட் தளத்தில் வழிந்த நீரில் சுண்ணாம்பு ஏறும் என்பதால் அதை மட்டும் அளந்து பார்த்துச் சேர்க்க வேண்டும்.

இந்த இடத்தில் இரண்டு மாதிரிகளும் பிரிகின்றன. ரியோ நெக்ரோ தொட்டிக்கு டிடிஎஸ் 50-க்குள் நிற்க வேண்டும் என்பதால் மழைநீரோ ஆர்.ஓ.வோ இல்லாமல் நடக்காது. பண்ணையில் பல தலைமுறை கண்ட இலங்கை மீன்கள் 100, 150 வரை தாங்கும். அவற்றுக்கு மழைநீரோடு குளோரின் நீக்கிய பவானித் தண்ணீரைக் கலந்துகொள்ளலாம். தண்ணீரை மட்டும் பார்த்தால் சிங்கராஜா மாதிரிக்கே என் வாக்கு.

வெப்பம் அந்த வாக்கை மாற்றிவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத கூடத்தில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகும். 28, 29 டிகிரி நீரில் இயல்பாக வாழும் ரியோ நெக்ரோ மீன்கள் அந்தச் சில வாரங்களை ஓரளவு கடந்துவிடும். நிழலோடையில் பிறந்த இலங்கைக் கெண்டைகளுக்கு அது பெருந்தொல்லை. சூடான நீரில் பிராணவாயு குறையும். ஓடை மீன்களுக்கோ அது கூடுதலாக வேண்டும். மேலே சின்ன விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொடங்கிவிட்டால் விசிறியும் வேண்டாம், சன்னலைத் திறந்தாலே போதும். ஆனால் அப்படி ஆவியாகும் நீரை எதைக்கொண்டு ஈடுகட்டுகிறோம் என்பதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஆவியாவது வெறும் நீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரை ஊற்றினால் டிடிஎஸ் வாரந்தோறும் ஏறும். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. பிஎச் 6-க்குக் கீழே கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மந்தமாக வேலை செய்யும். மீன் கழிவு நஞ்சற்ற அம்மோனியம் வடிவில் சேர்ந்திருக்கும். கடின நீர் கலந்து பிஎச் சட்டென்று ஏறினால் அதே அம்மோனியம் நஞ்சான அம்மோனியாவாக மாறி, ஒரே இரவில் தொட்டி காலியாகலாம். ஆகவே கோடைக்கென்று மழைநீர் நூறு இருநூறு லிட்டராவது சேமிப்பில் இருக்கட்டும்.

மீன்களுக்கு வருவோம். ரியோ நெக்ரோ தொட்டியின் உயிர் கார்டினல் டெட்ரா. இதன் நீலக்கோடு, தோலில் ஒளி பட்டுத் திரும்புவதால் உண்டாகும் மினுக்கம். தெளிந்த நீரில், பளிச்சென்ற விளக்கின் கீழ் அது வெறும் அலங்காரம். பழுப்பு நீரில், மங்கிய ஒளியில், நூறு மீன்கள் ஒன்றாகத் திரும்பும்போதுதான் இயற்கை அதை எதற்குக் கொடுத்தது என்று புரியும். ஆறடித் தொட்டியில் 80 முதல் 100 கார்டினல், 20 ரம்மிநோஸ், அடியில் ஒரு டஜன் கோரிடோரஸ், இலைப்படுகையில் இரண்டு மூன்று அபிஸ்டோகிராமா ஜோடி. இவ்வளவே போதும். ஏஞ்சல் மீன் ஆசை பலருக்கு உண்டு. வைப்பதானால் கார்டினல்கள் முழு வளர்ச்சி அடைந்த பிறகு, குட்டி ஏஞ்சல்களாக ஐந்தாறு விடலாம். பெரிய ஏஞ்சலை முதலில் விட்டால் கார்டினல் அதற்கு இரையாகும்.

சிங்கராஜா தொட்டியில் இவ்வளவு உயரம் வீண். ஒன்றேகால் அடி ஆழத்துக்கு நீர் விட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லிய ஓட்டம் கொடுத்து, விளிம்பில் கிரிப்டோகோரைன் நட்டால் அழகு. செர்ரி பார்ப் 40, பிளாக் ரூபி பார்ப் 30. சேர்க்கைக் காலத்தில் ரூபி ஆண்களின் முகம் சிவந்து, உடலின் பின்பாதி கரியாகக் கறுக்கும். அந்தச் சில நிமிடங்களுக்காகவே இந்தத் தொட்டியை வைக்கலாம். காம்ப்டெயில் என்னும் பெரிய கௌராமி இனத்தைச் சேர்த்தால் சிறுமீன்களின் நிம்மதி போகும். மல்புலுட்டாவோ தொட்டியைவிட்டுத் துள்ளி விழும் கூச்ச மீன், காட்டிலும் அருகிவருகிறது. அதைப் பற்றிப் படித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கிருந்து பிடிக்கிறார்கள் என்ற கேள்வியில் இந்த இரண்டும் தலைகீழாக நிற்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனௌஸ் நகரிலிருந்து ரியோ நெக்ரோவில் மேலே சுமார் 400 கிலோமீட்டர் தொலைவில் பார்சிலோஸ் என்ற ஆற்றங்கரை ஊர் பல பத்தாண்டுகளாகக் கார்டினல் பிடித்தே பிழைத்தது. வெள்ளம் வடியும்போது குட்டைகளில் சிக்கும் மீன்களில் பெரும்பகுதி எப்படியும் மடிந்துபோகும். அதில் ஒரு பங்கைக் கைவலையால் எடுப்பது ஆற்றைக் குறைப்பதில்லை. மீன் விலை போகும்வரை காடு நிற்க வேண்டும் என்பதில் அந்த ஊருக்கு அக்கறை உண்டு. புராஜெக்ட் பியாபா என்ற முயற்சி இதைத்தான் உலகுக்குச் சொல்லிவருகிறது. சிங்கராஜா ஓடைகளோ சிறியவை, துண்டுபட்டவை. ஒரு மீன் இனம் சில ஓடைகளில் மட்டுமே இருக்கும். அங்கே பிடித்தால் குறைந்துபோகும். கேரளத்து டெனிசன் கெண்டை, ‘மிஸ் கேரளா’ என்று உலகச் சந்தையில் புகழ்பெற்றதும் என்ன ஆனது? ஆறுகளில் அருகி, அழியும் அபாயப் பட்டியலுக்குப் போனது. ஆகவே காட்டுக் கார்டினல் வாங்க எனக்குத் தயக்கமில்லை. இலங்கை மீன் என்றால் பண்ணையில் பெருக்கியது மட்டுமே. செர்ரி பார்ப் சென்னை கொளத்தூர்ச் சந்தையிலேயே கிடைக்கிறது.

என் தீர்ப்பு இது: ஏசி இல்லாத கூடம், இரண்டடி உயரத் தொட்டி, மழைநீர் சேமிக்க இடம் என்று இருந்தால் ரியோ நெக்ரோ. தரைத்தளத்தில் வடக்குப் பார்த்த குளிர்ந்த அறை, தாழ்ந்து அகன்ற தொட்டி என்றால் சிங்கராஜா. இரண்டையும் ஒரே தொட்டியில் கலப்பது எனக்குப் பிடிக்காது. வெப்பத்தில் ஒன்றுக்கு ஒத்தது மற்றதற்கு ஒத்துவராது.

இலைக்கு இரண்டுக்கும் அலைய வேண்டியதில்லை. பாதாம் மரம் என்று நாம் சொல்லும் நாட்டு வாதுமை பள்ளிக்கூட வாசலிலும் தெருவிலும் நிற்கிறது. மரத்திலேயே பழுத்துச் சிவந்து தானாக உதிர்ந்து காய்ந்த இலைதான் வேண்டும். பச்சை இலை நீரை அழுகவிடும். சாலைப் புகையும் மருந்துத் தெளிப்பும் படாத மரமாகப் பார்த்து எடுத்து, கழுவி, 50 லிட்டருக்கு இரண்டு மூன்று இலை என்று தொடங்கலாம். கண்ணாடி துடைக்க என்று சக்கர் மீனை மட்டும் எந்தத் தொட்டிக்கும் வாங்காதீர்கள். ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் குளத்தில் விடத் தோன்றும். கார்டினல் நம் குளத்து உப்பில் பிழைப்பது கடினம், சக்கர் பிழைத்துப் பெருகும். அது போய்ச் சேரக் கூடாத, 2024-ல் ராம்சர் ஈரநிலத் தகுதி பெற்ற நஞ்சராயன் குளம் நமக்கு அருகில்தான் இருக்கிறது.

தொடங்க நல்ல மாதம் அக்டோபர். வடகிழக்குப் பருவமழையில் நீர் பிடித்து, மணலும் மரமும் இலையும் போட்டு, ஃபில்டரை ஓட விட்டால் டிசம்பர் முடிவுக்குள் நீர் பழுத்துவிடும். ஜனவரிக் குளிரில் மீன் வரட்டும், முதலில் கால்வாசி மட்டும். கடைத் தொட்டியின் டிடிஎஸ் என்ன என்று வாங்குமுன் கேளுங்கள். 500-ல் இருந்த மீனை நேராக 40-ல் விட்டால் உடல் தாங்காது. நூலளவு குழாயில் சொட்டுச் சொட்டாக நம் தண்ணீரைப் பையில் கலந்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே விட வேண்டும். வித்தியாசம் மிக அதிகமென்றால் தனித்தொட்டியில் இரண்டு வாரம் வைத்துப் படிப்படியாக இறக்குவது நல்லது. அடுத்த கால்வாசியை அதற்குப் பிறகு வாங்கலாம்.